மேகத்துக்குள் போன விமானமும் எட்டு பேட்ஜுகளும்

வலது தோள்பட்டை கழன்று கீழே விழுந்துவிடும்போல் இருந்தது சோலைமுத்துவுக்கு. காலையிலிருந்து பலகையில் மல்லாந்து படுத்து விமானத்தின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சுவரைத் தேய்த்தால் உடம்பின் கனம் கைக்கு உதவும். தலைக்கு மேலே தேய்க்கும்போது கையைத் தூக்குவதே பாதி வேலை. சோப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக இறங்கி, அக்குளில் கொஞ்சம் நின்று, பனியனுக்குள் போனது. இரண்டு வருசம் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவியவன் அவன். அதில்கூட இப்படி வலித்ததில்லை.

துபாயின் ஜெபல் அலியில், துறைமுகத்துக்குப் பின்னால், கிடங்குகளோடு கிடங்காக இருந்த ஒரு தகரக் கொட்டகையில் அந்த விமானம் நின்றது. துண்டு துண்டாகக் கப்பலில் வந்து பூட்டப்பட்டது. வாங்கியது அமைதிக்கான வான்மரபு மையம். மையத்துக்கு இன்னும் கட்டடம் கிடையாது. சின்னமும் கீதமும் துணை இயக்குநர்களும் தயாராக இருந்தார்கள்.

விமானத்தின் பூர்வீகம் இதுதான். ஒரு பெரிய நாடு, தன் ஊரில் வெடித்துப் பார்க்க மனமில்லாமல், எங்கோ கடல் நடுவே இருந்த தீவில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. குண்டு வெடித்து மேகம் எழுந்ததும், அதற்குள் புகுந்து புழுதி அள்ளி வர இந்த விமானப்படை விமானத்தை அனுப்பினார்கள். இறக்கை நுனிக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் வடிகட்டித் தாள். மேகத்தைத் தாளில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தால், குண்டு எவ்வளவு நன்றாக வெடித்தது என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். திரும்பி வந்த விமானத்தைக் கழுவுவதற்குத் தனியாக ஆட்கள் இருந்தார்கள்.

இதெல்லாம் சோலைமுத்துவுக்குப் பிறகு தெரிந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்த கிளீனிங் கம்பெனியிலிருந்து அவனையும் இன்னும் ஏழு பேரையும் வேனில் ஏற்றும்போது போர்மேன் சுரேஷ்குமார் சொன்னது ஒன்றுதான். "பழைய ப்ளேனாம்லே. மெஷின் வைக்கப்பிடாது. பெயிண்டு போயிரும். பிரஷ்ஷை வச்சு நைசா தேய்க்கணும்."

எட்டுப் பேரும் தமிழ் ஆட்கள். மையமே அப்படித்தான் கேட்டிருந்தது. காரணம், மையத்தின் பாதுகாப்பு மற்றும் பாரம்பரியத் துணை இயக்குநர் சேதுமாதவன் தமிழில் உரையாற்றப் பிரியப்படுகிறவர். சென்னையில் பொறியியல் படித்து, துபாயில் இருபது வருசம் இருந்து, தமிழ் மன்றம் ஒன்றில் செயலாளராகவும் இருந்தவர். பாதுகாப்புக்கும் பாரம்பரியத்துக்கும் இரண்டு அதிகாரிகள் வேண்டும் என்றுதான் முதலில் திட்டம். ஒரு சம்பளம் மிச்சமாகட்டும் என்று இரண்டையும் ஒருவரிடமே கொடுத்தார்கள். இரண்டும் மோதுகிற இடத்தில் பாரம்பரியம் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு.

வேலை தொடங்கிய அன்று அவர் எட்டுப் பேரையும் வரிசையில் நிற்கவைத்துப் பேசினார்.

"நண்பர்களே, இந்த விமானத்தைப் பார்த்து யாரும் தப்பா நினைக்கக் கூடாது. இது எந்தப் போரிலும் கலந்துகொண்டதில்லை. ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. குண்டு போட்டது வேற விமானம். இது பின்னாடி போய்ப் பார்த்துட்டு வந்தது. பார்ப்பது குற்றமா?"

எட்டுப் பேரும் சுரேஷ்குமாரைப் பார்த்தார்கள். குற்றமா இல்லையா என்பது சம்பளத்தைப் பாதிக்குமா என்று தெரியவில்லை.

"ஒரே ஒரு உயிரையாவது இது எடுத்ததா? எந்தப் பதிவிலும் இல்லை. பதிவு வைக்கலைன்னு சிலர் சொல்வாங்க. வைக்காத பதிவில் எப்படித் தப்பு இருக்க முடியும்? சரி, ஏன் வெள்ளை நிறம்? யோசிச்சீங்களா? அமைதியின் நிறம்."

குண்டின் வெளிச்சம் பட்டு உள்ளே இருக்கிறவர்கள் வெந்துவிடக் கூடாது என்று பூசிய வெள்ளை அது. விமானத்தோடு வந்த கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. சேதுமாதவன் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தார். அவர் வாசித்துச் சொன்ன பிறகுதான் மையத்தின் பெயரில் அமைதியைச் சேர்த்தார்கள்.

பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு கொக்கி.

"இது என்ன செய்யும் சார்?" என்று கேட்டான் முகிலன். சோலைமுத்துவின் அறைக்காரன். மன்னார்குடிப் பக்கம்.

"உங்க பாதுகாப்புக்கு."

"தடுக்குமா சார்?"

"தடுக்காது. அளக்கும்."

"அளந்து?"

"அளந்து எங்களுக்குச் சொல்லும்."

முகிலன் பேட்ஜை மரியாதையாக வாங்கிக்கொண்டான்.

வேனில் திரும்பும்போது சுரேஷ்குமார் தனக்குத் தெரிந்த முறையில் அதையே விளக்கினார். "ஏலே, கேட்டுக்கிடுங்க. இது வெளிநாட்டுச் சாமான். தொலைஞ்சா, ஒடஞ்சா, சோப்புத்தண்ணி பட்டா, சம்பளத்துல புடிப்பாவ. நான் வந்து பேச மாட்டேன்."

தொழிலாளிகள் தங்கும் கேம்ப்பில் இதற்கு ஏற்கனவே வழக்கம் உண்டு. புது ஹெல்மெட், புதுக் கண்ணாடி, புது ஷூ எது கொடுத்தாலும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சோதனைக்கு ஆள் வருகிற அன்று எடுத்து மாட்டுவார்கள். சாமான் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். மண்டை உடைந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே ஏழு பேர் பேட்ஜை ஊறுகாய் பாட்டில், பாஸ்போர்ட் நகல், ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய வாசனைப் பாட்டில் ஆகியவற்றோடு பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

சோலைமுத்து மட்டும் மாட்டிக்கொண்டான். அதற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. மாட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்து மனைவி பானுமதிக்கு அனுப்பியிருந்தான். திருப்பத்தூரிலிருந்து அவள் குரலில் பதில் அனுப்பினாள். "என்னங்க இது, நெஞ்சுல அட்டையெல்லாம் குத்தி ஆபீசர் கணக்கா இருக்கீக."

அந்த ஒரு பேச்சுக்காக அவன் பேட்ஜைத் தினமும் குத்திக்கொண்டு மேகத்துக்குள் போன விமானத்தின் கீழே படுத்தான்.

"மாப்ள, ஆபீசர் சோப்பு வாளிய எடுத்துட்டு வாங்க" என்பான் முகிலன்.

*

வயிறு முடிந்து இறக்கைக்குப் போனபோது, இன்சூரன்ஸ் ஆள் ஒருவன் கையில் கதிர்வீச்சு அளக்கும் சின்னப் பெட்டியோடு வந்தான். விமானத்தைச் சுற்றி நடந்தான். பெட்டி எப்போதாவது ஒரு தடவை டிக் என்றது. வலது இறக்கை நுனியில் புழுதி அள்ளிய பெட்டிக்குப் பக்கத்தில் போனதும் அரிசியைத் தகரத்தில் கொட்டியதுபோலச் சத்தம் போட்டது.

சேதுமாதவன் ஓடி வந்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். பேச்சு முடிந்ததும் சத்தம் நின்றது. பெட்டியில் சத்தத்தை மட்டும் நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது என்பதைச் சோலைமுத்து ஏணியிலிருந்து பார்த்தான்.

மறுநாள் விமானத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். கோட்டில் நின்றுகொண்டு சேதுமாதவன் பேசினார்.

"நேத்து ஒரு சின்ன விஷயம். இந்த விமானத்தில் கொஞ்சம் பாரம்பரியம் ஒட்டிக்கிட்டிருக்கு. அதை நாம் மதிக்கணும். அதனால பார்வையாளர்கள் யாரும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மையத்தின் ஊழியர்களும் தாண்டக் கூடாது. நானும் தாண்ட மாட்டேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சார், நாங்க?" என்றார் சுரேஷ்குமார்.

"நீங்க பார்வையாளர்கள் இல்லையே."

"இல்ல சார்."

"மையத்தின் ஊழியர்களும் இல்லை. காண்ட்ராக்ட். அப்ப விதி உங்களைத் தொடவே இல்லை. தாராளமா வேலையைப் பாருங்க."

அன்று முதல் அவர் கோட்டுக்கு வெளியிலிருந்து பேசினார். குரல் எட்டவில்லை என்று ஒலிபெருக்கி வாங்கினார்கள். மையம் அந்த வருசம் பாதுகாப்புக்காகச் செய்த பெரிய செலவு அதுதான்.

முகிலனுக்குச் சும்மா இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை அறையில் படுத்துக்கொண்டு போனில் தேடித் தேடிப் பார்த்தான். மேகம் எழும் படங்கள், தீவிலிருந்து ஜனங்களைக் கப்பலில் ஏற்றும் படங்கள், அரைக்கால் சட்டையோடு விமானத்தைத் துடைப்பத்தால் தேய்க்கிற ஆட்களின் படங்கள் எல்லாம் வந்தன.

"டேய் மாப்ள, இங்க பாரு. நம்மள மாதிரியே வெறுங்கையோட தேய்ச்சிருக்கான். பின்னாடி இவனுவள்ல நெறய பேருக்கு உடம்புக்கு வந்துருச்சாம். சில பேருக்குப் புள்ளைங்க சரியாப் பொறக்கலயாம்."

சோலைமுத்து எழுந்து உட்கார்ந்தான். "யார் சொல்றது?"

"அவனுவ பொண்டாட்டிங்கதான். சர்க்காரு இல்லேங்குது."

சோலைமுத்துவுக்குக் கல்யாணமாகி ஆறு வருசம். அதில் மனைவியோடு இருந்தது லீவுகளில் மட்டும். பிள்ளை இல்லை. காரைக்குடியில் ஒரு டாக்டரம்மாவிடம் பானுமதி போய்க்கொண்டிருந்தாள். இந்த முறை அவன் ஊருக்கு வருகிற தேதியைக் கேட்டு, அதை வைத்துத்தான் டாக்டரம்மா மாத்திரையே கொடுத்திருந்தார்.

"இந்தத் தடவ தள்ளிப் போட்டுறாதீக" என்று பானுமதி போனில் சொல்லியிருந்தாள். "இதுக்கு மேல உடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்றாக. மாத்திர போட்டாலே எனக்குக் கெறக்கமா வருது. நீங்க வந்து சேருங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

லீவுக்கு ஒரு மாதம் இருந்தது. சோலைமுத்து நெஞ்சிலிருந்த பேட்ஜைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடி இல்லை, முள் இல்லை, ஒன்றும் இல்லை. அளந்து வைத்திருக்கிறது. அவனிடம் சொல்லாது.

*

மாதக் கடைசியில் பேட்ஜுகளைச் சேகரித்து ஏதோ ஒரு நாட்டின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பூட்டிய பெட்டிகளிலிருந்து ஏழு பேட்ஜுகள் வாசனைப் பாட்டிலின் மணத்தோடு வந்தன. சேதுமாதவன் ஒன்றை முகர்ந்து பார்த்தார். தொழிலாளிகள் சுத்தமாக இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்.

முடிவு வந்த அன்று ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு கோட்டருகே நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"நண்பர்களே, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. எட்டு பேட்ஜில் ஏழு பேட்ஜ் சுத்தம். பூஜ்யம். இந்த மாதிரி ஒரு முடிவை ஆய்வுக்கூடமே பார்த்ததில்லையாம். நகரத்தில் சாதாரணமா ரோட்டில் நடக்கிறவனுக்குக்கூட இதைவிடக் கூட இருக்குமாம். அவ்வளவு பாதுகாப்பா நாம் வேலை செய்திருக்கோம்."

முகிலன் சோலைமுத்துவின் காதருகே வந்தான். "எங்க பெட்டிக்கெல்லாம் ஒண்ணும் இல்லயாம் மாப்ள. பெட்டி நல்லாருக்கு."

"அந்த எட்டாவது சார்?" என்று கேட்டான் சோலைமுத்து.

"அதில் ஏதோ ஒரு அளவு வந்திருக்கு. பொருட்படுத்த வேண்டாம். ஒருத்தரைத் தனியாப் பிரிச்சுப் பார்ப்பது நம்ம பண்பாடு இல்லை. எட்டுப் பேரும் ஒரு குடும்பம். எட்டால வகுத்துச் சராசரி பார்த்தோம். சராசரி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ள இருக்கு. ஆகவே எட்டுப் பேருமே பாதுகாப்பானவங்க."

கைதட்டச் சொல்லிச் சுரேஷ்குமார் சைகை காட்டினார். தட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோலைமுத்து சாப்பிடாமல் அலுவலக அறைக்குப் போனான். குளிர்சாதனம் அடித்த காற்றில் ஈரப் பனியன் முதுகில் ஒட்டியது. நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

"சார், என்னோட பேட்ஜுல எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

சேதுமாதவன் கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்க சோலைமுத்து, அது தனிநபர் ரகசியம். இந்தக் காலத்தில் அதுக்கெல்லாம் கடுமையான விதி இருக்கு. யாருக்கும் சொல்ல முடியாது."

"என்னோடதுதான சார்."

"அதனாலதான் இவ்வளவு ஜாக்கிரதையா வச்சிருக்கோம்."

"எனக்குச் சொன்னா என்ன சார்?"

"உங்களுக்குச் சொன்னா, எட்டாவது ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். மத்த ஏழு பேருக்கும் பூஜ்யம்ன்னு வெளியில வந்துடும். அவங்க ரகசியம் போச்சா? அவங்க கேஸ் போட்டா நான் என்ன பண்றது?"

"அவுகளுக்குப் பூஜ்யம்னு நீங்கதான் சார் காலையில மைக்குல சொன்னீக."

"யார்ன்னு சொன்னேனா? சொல்லலை. அது வேற, இது வேற. அதோட, அந்த எட்டாவது பேட்ஜ் உங்களுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சோலைமுத்து வாயைத் திறந்தான். மற்ற ஏழும் பெட்டிக்குள் இருந்தன என்று சொன்னால் போதும். ஏழு பேருக்கும் சம்பளம் பிடிப்பார்கள். விதியை மீறியதாக எழுதி, இரண்டு பேரையாவது ஊருக்கு அனுப்புவார்கள். முகிலன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவன். அவனைத்தான் முதலில் அனுப்புவார்கள், வாய் அதிகம்.

வாயை மூடிக்கொண்டான்.

"தெரியாதில்ல?" என்றார் சேதுமாதவன் கனிவாக. "தெரியாததைப் பத்திப் பயப்படக் கூடாது. பயம் உடம்புக்கு ரொம்பக் கெடுதல். நான் அந்த அளவைச் சொல்லி, நீங்க பயந்து, அதனால உங்களுக்கு ஏதாவது ஆனா, அந்தப் பாவம் மையத்துக்குத்தான். உங்க ஆரோக்கியத்துக்காகத்தான் சொல்லாம இருக்கோம். போய்ச் சாப்பிடுங்க. வெறும் வயிறும் நல்லதில்லை."

சொல்லிவிட்டு மேசையில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். சோலைமுத்து அதைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தான். கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் கடைசிவரை தின்னவில்லை.

*

திறப்பு விழாவுக்குக் கண்காட்சிப் பொறுப்பாளர் தாரிணி வந்தாள். துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள். நல்ல மாதிரி. தொழிலாளிகளை அண்ணா என்று கூப்பிடுவாள். அவள் கையில் பெரிதாக அச்சடித்த ஒரு பழைய படம் இருந்தது. மேலே சட்டையில்லாத ஐந்து ஆட்கள் இதே விமானத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். விமானியின் பெயர், விமானத்தின் எண், அன்று காற்று அடித்த திசை எல்லாம் படத்தின் கீழே அச்சாகியிருந்தன. அந்த ஐந்து பேருக்கும் சேர்த்து 'தரைப் பணியாளர்கள்' என்று இருந்தது.

"அண்ணா, இத நாங்க லைவ்வா பண்றோம். ரீ-கிரியேஷன். நீங்க அந்தப் படத்துல இருக்கற மாதிரியே கழுவணும். கெஸ்ட் எல்லாம் பாப்பாங்க. உங்க பாடி டைப் கரெக்டா மேட்ச் ஆகுது."

"கழுவித்தானம்மா இருக்கேன். ஒரு மாசமா."

"ஐ நோ அண்ணா. ஆனா இது பெர்ஃபார்மன்ஸ். ஸோ ஷர்ட் கழட்டணும். அப்புறம் பேட்ஜ் வேண்டாம். அந்தக் காலத்துல அவங்களுக்குக் குடுக்கல. ஆதென்டிக்கா இருக்கணும்ல."

விழாவன்று கொட்டகைக்குள் கம்பளம் விரித்தார்கள். காப்பியும் இனிப்பும் போயின. விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசாக ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார்கள். நிஜ பேட்ஜ், மையத்தின் சின்னமான புறா பொறித்தது. கோட் அணிந்தவர்களும் அபாயா அங்கி அணிந்தவர்களும் அதைக் குத்திக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே பத்திரமாக நின்றார்கள். கோட்டுக்கு உள்ளே சோலைமுத்துவும் முகிலனும் இன்னும் மூன்று பேரும் வெறும் உடம்போடு தேய்த்தார்கள்.

"கல்யாண வீட்டுல அண்டா தேய்க்கிற மாதிரி இருக்குடா" என்றான் முகிலன். "கொஞ்சம் சிரி. போட்டோவுல ஒருத்தன் சிரிச்சான்ல, அது நீதான்."

சிறப்பு விருந்தினர் ஒரு வெள்ளைக்காரர். தொண்ணூறு வயது இருக்கும். சக்கர நாற்காலி. அந்த விமானத்தை மேகத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அவரைப் பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் மைக்கை மடியில் வைத்துவிட்டு, நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். தடுக்க யாரும் பின்னால் வரவில்லை. விதி அனுமதிக்கவில்லை.

சோலைமுத்துவின் பக்கத்தில் வந்து நின்றார். வெறும் கைகளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். சோலைமுத்துவுக்குப் புரியவில்லை. ஆனால் இவரைவிட்டால் கேட்க ஆளில்லை என்பது மட்டும் புரிந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தான். இரண்டு கைகளையும் சேர்த்து, குழந்தையை ஆட்டுவதுபோல ஆட்டிக் காட்டி, கிழவரைக் கையால் சுட்டினான்.

கிழவர் நாற்காலிச் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு மூன்று விரல்களைத் தூக்கினார். ஒன்றை மடக்கினார். இன்னொன்றையும் மடக்கினார். மிச்சமிருந்த விரலை அப்படியே வைத்திருந்தார்.

கோட்டுக்கு வெளியே ஒலிபெருக்கி முழங்கியது. சேதுமாதவன் கூட்டத்துக்கு முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் விளக்கினார். "மூன்று முறை மேகத்துக்குள் சென்றேன், மூன்று முறையும் முதலிடம் எனக்கே என்கிறார் நம் மாவீரர்."

பெரிய கைதட்டல். கிழவர் விரலை இறக்கினார்.

*

காட்சி நன்றாக எடுபட்டதால் அதைத் தினமும் வைத்தார்கள். மாலை நான்குக்கும் ஆறுக்கும் கழுவும் காட்சி. விமானம் எப்போதோ சுத்தமாகியிருந்தது. காலையில் மாவுப் பொடி தூவி அழுக்காக்குவார்கள்.

லீவுக்கு ஒரு வாரம் இருந்தபோது சோலைமுத்து போனில் பானுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஏழு பெட்டிகளையும் முகிலன் காட்டிய ஒரு படத்தையும் மட்டும் சொல்லவில்லை. அவன் முடித்ததும், "அந்த ஆபீசு நம்பரக் குடுங்க" என்றாள்.

"நீ பேசி என்ன ஆகும்?"

"குடுங்கன்னா குடுங்க. நீங்களும் லைன்ல இருங்க."

தாரிணிதான் எடுத்தாள்.

"ஏம்மா, என் வீட்டுக்காரர் நெஞ்சுல ஒரு அட்ட மாட்டிவிட்டீகளே, அதுல என்ன வந்துச்சு?"

"மேடம், ஸாரி. அது கான்ஃபிடென்ஷியல். மையத்துக்கு மட்டும்தான் ரிப்போர்ட் வரும்."

"அவருக்கே சொல்ல மாட்டீகளாம்."

"பாலிசி அப்படி மேடம்."

"சரி, எனக்குச் சொல்லுங்க. நான் அவரு பொண்டாட்டி."

"ஸ்பவுஸ் ஆதரைஸ்டு பர்சன் கிடையாது மேடம்."

"அப்ப யாருக்குத்தான் சொல்வீக? பொறக்கப்போற பிள்ளைக்காவது சொல்வீகளா?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. தாரிணி உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "இருக்கு மேடம். பாதிக்கப்பட்ட வாரிசுன்னு ஒரு கேட்டகரி இருக்கு. குழந்தை பிறந்து, எய்ட்டீன் இயர்ஸ் ஆனதும், நேர்ல வந்து அப்ளை பண்ணலாம்." குரல் இறங்கியது. "ஐ ஆம் ரியலி ஸாரி அக்கா. எனக்கும் தெரியாது. சேது சார் லாக் பண்ணி வச்சிருக்காரு."

அவள் வைத்துவிட்டாள். பானுமதியும் சோலைமுத்துவும் லைனில் இருந்தார்கள்.

"ஒண்ணும் இருக்காதுங்க" என்றாள் பானுமதி.

"இருக்காதுதான். தெரிஞ்சா வந்துருவேன்."

"தெரியாட்டி?"

முகிலன் காட்டிய படங்களில் ஒரு பிள்ளையின் படம் அவன் கண்ணிலேயே நின்றது. அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"மாத்திரைய நிப்பாட்டிரவா?" என்று அவளே கேட்டாள்.

"நிப்பாட்டு."

"சரி" என்றாள். பிறகு, "அந்த அட்ட போட்டாவ நான் அழிச்சுட்டேன்" என்றாள்.

மறுநாள் சோலைமுத்து லீவைத் தள்ளிவைக்கக் கேட்டான். பேட்ஜ் முடிவு கைக்கு வரும்வரை ஊருக்குப் போக முடியாது என்று சுரேஷ்குமாரிடம் சொன்னான்.

சுரேஷ்குமார் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "கிறுக்குப் பயலே, நானும் ரெண்டு புள்ளைக்குத் தகப்பன்தாம்லே. ஆனா நான் போய்க் கேட்டா என் வேல போவும். மேல என்னன்னு சொல்லட்டும்?"

"இதையேதான் சொல்லுங்கண்ணே."

சுரேஷ்குமார் அதையேதான் சொன்னார். காரணத்தைச் சேதுமாதவன் கேட்டுக்கொண்டார், எழுதிக்கொள்ளவில்லை.

அன்று நான்கு மணிக் காட்சிக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லார் நெஞ்சிலும் புறா பேட்ஜ். சேதுமாதவன் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"குழந்தைகளே, அதோ பாருங்க, நம்ம சோலைமுத்து. குடும்பத்தைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டியவர். டிக்கெட் தயார். ஆனா இந்த விமானத்தைப் பிரிய மனசில்லாம லீவையே வேண்டாம்ன்னு சொல்லிட்டார். அந்தக் காலத்து வீரர்களும் இப்படித்தான் இருந்தாங்க. யாரும் எதையும் கேட்கலை. கேட்டதா ஒரு பதிவுகூட இல்லை. மரபு இப்படித்தான் வாழுது."

பிள்ளைகள் கைதட்டின. ஒரு பிள்ளை கையை ஆட்டியது. சோலைமுத்து பதிலுக்குக் கையைத் தூக்கப் பார்த்தான். வலது தோள்பட்டை எழும்பவில்லை. இடது கையைத் தூக்கிவிட்டு, மல்லாந்து படுத்து, காலையில் தூவிய மாவுப் பொடியைத் தேய்க்கத் தொடங்கினான்.

அமைதிக்கான வான்மரபு மையம் சோலைமுத்துவுக்கு ஒரு எண் தர வேண்டும். அவன் நெஞ்சில் மாட்டியிருந்த பேட்ஜ் அளந்த எண். இன்னும் தரவில்லை.